ஃபோர்ட் பெண்ட் கவுண்டிக்கும் மருத்துவமனை வட்டம் வேண்டுமா?

வேப்பமரம்:
ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) வேலை பார்த்துவிட்டு, இரவு தூங்க ஃபோர்ட் பெண்ட் கவுண்டிக்கு வருகிறோம். நடுவில் எல்லை எங்கே இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது. கையில் காசில்லாத நோயாளிக்கு அது நன்றாகத் தெரியும்.

ஹாரிஸில் 1965-ல் மக்கள் வாக்களித்து ஒரு மருத்துவமனை வட்டத்தை அமைத்தார்கள். வரி விதிக்கும் அதிகாரம் உள்ள தனி அமைப்பு அது. பென் டாப் மருத்துவமனையும் எல்.பி.ஜே. மருத்துவமனையும் அதன் கீழ் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளில் கிளினிக்குகளும் உண்டு. கவுண்டிக்குள் வசிப்பதையும் வருமானம் குறைவு என்பதையும் காட்டினால் மருத்துவம் கிடைக்கும். 2023 நவம்பரில் புதிய கட்டடங்களுக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கும் அங்குள்ள வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள்.

ஃபோர்ட் பெண்டில் இப்படி ஒரு வட்டம் இல்லை. இங்கே இருப்பது 1985-ஆம் ஆண்டின் டெக்சஸ் சட்டம் கட்டாயப்படுத்தும் உதவி. கூட்டாட்சி வறுமைக் கோட்டில் 21 விழுக்காடு வரை வருமானம் உள்ளவருக்கு உதவினால் போதும் என்கிறது அந்தச் சட்டம். 2025-இல் தனி ஒருவருக்கான வறுமைக் கோடு ஆண்டுக்கு 15,650 டாலர். கணக்குப் போடுங்கள்: மாதம் சுமார் 274 டாலர். அதற்கு மேல் சம்பாதிப்பவரை இந்தச் சட்டம் ஏழையாகவே பார்ப்பதில்லை. டெக்சஸில் 274 டாலருக்கு யாராவது வாடகைக்கு ஓர் அறை தருவார்களா? நம் கவுண்டிக்கும் மருத்துவமனை வட்டம் வேண்டும். அதை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிரேசோஸ் கரை:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. உள்ளாட்சிச் செலவின் பெரும் சுமை வீட்டின் மேல்தான் விழுகிறது. ஹாரிஸின் மருத்துவமனை வரி 2024-ல் 100 டாலர் மதிப்புக்குச் சுமார் 16 சென்ட். வரிக்கு உட்படும் மதிப்பு 4 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்குச் சுமார் 640 டாலர். மாநில அரசியலமைப்பு 75 சென்ட் வரை அனுமதிக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் தம்பதி கடனை அடைத்து முடித்த வீட்டை வரிக்காக விற்கும் நிலை வந்தால், அவர்களும் ஏழைகள்தானே?

மேலும், கூட்டாட்சி நிதி பெறும் சமூக மருத்துவ நிலையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 1965-ல் பாஸ்டனின் கொலம்பியா பாயிண்டில் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று நாடு முழுவதும் 3 கோடி பேருக்கு மேல் பார்க்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குப் பெயரளவுக் கட்டணம்; அதன் இரு மடங்கு வரை வருமானத்துக்கேற்ற சலுகை. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கே சிகிச்சை பெறுபவர்களே இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை விரிவாக்குவதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒரு வரி அமைப்பு?

இரவுப்பணி:
நான் அவசரப் பிரிவில் செவிலியர். நீங்கள் சொல்லும் சமூக நிலையங்கள் இல்லாவிட்டால் எங்கள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவை முதல் படி மட்டுமே. ரத்த அழுத்தம், சர்க்கரை, தடுப்பூசி எல்லாம் அங்கே நன்றாகப் பார்க்கிறார்கள். மலத்தில் ரத்தம் வருகிறது, குடலை உள்நோக்கிப் பார்க்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தால், காப்பீடு இல்லாதவர் அந்தச் சீட்டை எங்கே கொண்டுபோவார்? ஹாரிஸில் போக ஓர் இடம் இருக்கிறது. இங்கே அந்தச் சீட்டு சட்டைப்பையிலேயே கிடக்கும். பிறகு ஒரு நாள் குடல் அடைத்துக்கொண்டு எங்களிடம் வருவார்.

அவசரப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது நோயாளியைப் பரிசோதித்து, உயிராபத்திலிருந்து நிலைப்படுத்துவதை மட்டும். அடுத்த மாதத்து இன்சுலினைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சர்க்கரையால் காலில் புண் வந்தவரைக் கட்டுப்போட்டு அனுப்புகிறோம். விரலை எடுக்க வேண்டிய நிலையில் அதே கால் திரும்பி வருகிறது. இதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

நிகழ்தகவு:
இரக்கத்தை வைத்து மட்டும் வரி போட முடியாது; சான்று வேண்டும். 2008-ல் ஆரிகன் மாநிலம் குறைந்த வருமானம் உள்ளவர்களிடையே குலுக்கல் நடத்தி மெடிக்கெய்டு என்ற ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டைக் கொடுத்தது. குலுக்கல் என்பதால் ஒப்பீடு நேர்மையானது. அவசரப் பிரிவுக்குப் போவது குறையவில்லை. சுமார் 40 விழுக்காடு கூடியது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவு ஆகியவற்றில் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. "இப்போது செலவழித்தால் பின்னால் மிச்சமாகும்" என்ற வாக்குறுதியைத் தயவுசெய்து வாக்காளர்களிடம் கொடுக்காதீர்கள்.

வேப்பமரம்:
மிச்சமாகும் என்று நான் எழுதவே இல்லை. வைத்தியத்துக்குச் செலவாகும், ஆகட்டும்.

ஆனால் ஆரிகன் முடிவுகளில் பாதியைத்தான் சொன்னீர்கள், நண்பரே. அதே ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது. தெரியாமலே இருந்த சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்கியது. குடும்பத்தைச் சாய்க்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போனது. காப்பீடு உயிரைக் காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. காப்பீடு இல்லாததற்கு அப்போது இருந்த அபராதத்தைக் கட்டிய 39 லட்சம் குடும்பங்களுக்கு 2017-ல் கூட்டாட்சி வரித் துறை கடிதம் அனுப்பியது. யாருக்கு அனுப்புவது என்பதும் குலுக்கல் முறையில்தான். கடிதம் பெற்றவர்களில் அதிகம் பேர் காப்பீடு எடுத்தார்கள். 45 முதல் 64 வயதுக்காரர்களிடையே இறப்பு குறைந்தது.

கடை_மூலை:
எங்கள் பெட்ரோல் நிலையக் கடையில் பகுதி நேரமாக ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆண்டுக்கு 13,000 டாலர் அளவில் சம்பளம். சிறு பிள்ளைகள் இல்லை, ஊனம் இல்லை. ஆகவே டெக்சஸில் அவருக்கு மெடிக்கெய்டு கிடையாது. வறுமைக் கோட்டை எட்டாததால் அரசின் காப்பீட்டுச் சந்தையில் தானாக வாங்கும் காப்பீட்டுக்குக் கூட்டாட்சி மானியமும் கிடையாது. கவுண்டி உதவிக்கோ அவர் வருமானம் மிக அதிகம்! பகல் முழுவதும் கல்லாவில் நிற்பவர் மாலை ஐந்து மணிக்கு மூடும் கிளினிக்குக்கு எப்போது போவார்? கார் வேறு இல்லை.

பிரேசோஸ் கரை:
அவருடைய கதை என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அவரைக் கைவிட்டது கவுண்டி அல்ல, மாநிலம். 2012-ல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்டை இவரைப் போன்ற குறைந்த வருமானப் பெரியவர்களுக்கும் விரிவாக்குவதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, டெக்சஸ் மறுத்தது. விரிவாக்கச் செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசு தருகிறது. மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உட்கார்ந்து அந்தப் பணத்தை வேண்டாம் என்பவர்களை விட்டுவிட்டு, நம் கவுண்டியின் சுகர்லேண்டில் வீடு வைத்திருப்பவரிடம் முழுத் தொகையையும் கேட்பது என்ன நியாயம்? கவுண்டி தாங்கிக்கொள்ளத் தொடங்கினால் மாநிலத்தின் மேல் இருக்கும் அழுத்தமும் போய்விடும்.

இரவுப்பணி:
2014-லிருந்து அந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன கிடைத்தது? அழுத்தம் என்று நீங்கள் சொல்வது என் முன்னால் படுக்கையில் கிடக்கிற மனிதர்கள். விரிவாக்கம் வந்தாலும் உரிய ஆவணம் இல்லாதவர்களுக்கு அது உதவாது. நம் வீடுகளைக் கட்டியவர்களிலும் புல் வெட்டுபவர்களிலும் அவர்கள் எத்தனை பேர்!

பிரேசோஸ் கரை:
சரி அம்மா, இப்போதைக்கு ஒன்று செய்யலாம். அதே 1985 சட்டம் 21 விழுக்காட்டை உயர்த்தக் கவுண்டிக்கு அனுமதி தருகிறது; 50 வரை உயர்த்தினால் மாநில உதவி கேட்கும் தகுதியும் போகாது. புதிய வட்டமோ வாக்கெடுப்போ தேவையில்லை. கவுண்டியை நிர்வகிக்கும் ஆணையர் மன்றம் முடிவெடுத்தால் போதும். கவுண்டியின் பொது வரி வருவாயில் 8 விழுக்காட்டுக்கு மேல் செலவானால் மாநிலத்திடம் உதவி கேட்கவும் வழி இருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டுக்கான வரவுசெலவுக் கூட்டத்தில் இதைக் கேட்க நான் வருகிறேன். மாலை நேர கிளினிக்குக்கு மானியம் கேட்டாலும் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு மட்டும் என் வாக்கு இல்லை.

வேப்பமரம்:
வாருங்கள், சேர்ந்தே கேட்போம். ஆனால் 50 விழுக்காடு என்பது மாதம் 652 டாலர். அந்தக் கடை ஊழியர் சம்பாதிப்பது ஆயிரத்துக்கு மேல். அப்போதும் அவர் வெளியேதான் நிற்பார். அதனால் வட்டத்துக்கான கையெழுத்துத் தாளையும் அன்றைக்குக் கொண்டுவருவேன்.