குவாரண்டைனா, முற்றுகையா? கென்னடி பாடத்துக்கு ஒரு சொல் வேணும், அவசரம்

மதுரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பாடம் முடிச்சு அனுப்பணும், காலேஜ்ல அரசியல் அறிவியல் படிக்கிற பசங்களுக்கு. சோவியத் கியூபாவுல அணு ஏவுகணையைக் கொண்டுவந்து வச்சதால வந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி, அதுல அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட தலைமை எப்படின்னு. எல்லாம் ஓடிருச்சு, ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன். அக்டோபர் 22 ராத்திரி டிவில பேசுறப்ப, கியூபாவுக்குப் போற ஆயுதக் கப்பலைத் தடுக்கப்போறோம்ங்கிறார், ஆனா பிளாக்கேடுன்னு சொல்லல, குவாரண்டைன்னு சொல்றார். பிளாக்கேடுன்னா சர்வதேசச் சட்டத்துல அது போர்ச் செயல், அதான் காரணம். எனக்கு முன்னாடி இதை மொழிபெயர்த்தவர் ரெண்டுக்குமே முற்றுகைன்னு போட்டுட்டுப் போயிட்டார். அதே பேச்சுல கொஞ்சம் தள்ளி, 1948ல பெர்லின்ல சோவியத் பண்ண பிளாக்கேடு மாதிரி நாங்க மக்களோட அத்தியாவசியப் பொருளையெல்லாம் தடுக்கலன்னு வேற சொல்றார். ரெண்டும் முற்றுகைன்னு வச்சா "நாங்க போடுற முற்றுகை அவங்க போட்ட முற்றுகை மாதிரி இல்ல"ன்னு ஆயிடுது, பசங்க சிரிப்பாங்க. தனிமைப்படுத்தல்னு போட்டா கொரோனா ஞாபகம் வருது. நல்ல சொல்லாக் குடுங்க.

சோம்பேறி:
குவாரண்டைன்னே போட்டுரு தாயி. 2020ல எங்க தெருவுல தகரம் அடிச்சப்ப ஆயா கூட குவாரண்டைன்னுதான் சொல்லுச்சு. முடிஞ்சது ஜோலி.

தொல்காப்பியப் பித்தன்:
ஆயா சொன்னதெல்லாம் கலைச்சொல் ஆகாது தம்பி. அம்மையீர், உங்களுக்குத் தேவையானதை நம் முன்னோர் எப்போதோ வகுத்துவிட்டார்கள். மாற்றார் அரணை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியர் "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்" என்று இரண்டையும் உழிஞைக்குள் அடக்குவார், பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைக்காரர்தான் நொச்சியைத் தனித் திணையாக்கினார். கென்னடி செய்தது முற்றல் மட்டும், கோடல் இல்லை, அதாவது வளைத்தார், கைப்பற்றவில்லை. எனவே பெர்லினுக்கு முற்றுகை, கியூபாவுக்கு உழிஞை என்றால் சிக்கல் தீர்ந்தது. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் வளைத்தபோது கபிலர் "மூவிரும் முற்றினும்" என்றுதானே பாடினார்? மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழவர் உழாத நான்கு விளைவு உள்ளே இருக்கிறது, வெளியே நின்று ஒன்றும் கிழிக்க முடியாது என்கிறார். கியூபாவிலும் உள்ளே கரும்பு இருந்தது, கவனிக்க.

சோம்பேறி:
ஐயா, உழிஞைன்னா நம்ம முடக்கத்தான் கீரைதான்னு ஒரு கட்சி சொல்லுதே. கென்னடி முடக்கத்தான் தோசை சுட்டார்னு பசங்க எழுதிரப் போறாங்க.

கடலோடி:
நான் கப்பல்ல காலந்தள்ளினவன், இலக்கணம் நமக்குக் கொஞ்சம் தூரம். ஆனா அங்க நெஜமா என்ன நடந்துச்சுன்னு பாத்துட்டு சொல்லைத் தேடுங்க. அக்டோபர் 24 காலைல 10 மணிக்கு அமலுக்கு வந்துச்சு, கியூபாவைச் சுத்தி 500 கடல் மைல்னு கோடு. எல்லாக் கப்பலையும் நிறுத்தல. புக்கரெஸ்டுன்னு ஒரு சோவியத் எண்ணெய்க் கப்பல், எண்ணெய்தானேன்னு விட்டுட்டாங்க. கிழக்கு ஜெர்மன் பயணிகள் கப்பல் ஒண்ணு, அதையும் விட்டாங்க. மொதல்ல ஏறிச் சோதிச்சது 26ஆம் தேதி, மருக்லான்னு லெபனான்ல பதிவான கப்பல், சோவியத் வாடகைக்கு எடுத்தது. உள்ள லாரியும் உதிரி பாகமும் இருந்துச்சு, போயிட்டு வான்னுட்டாங்க. மாஸ்கோவோட சொந்தக் கப்பல்ல ஏறாம, நடுவுல ஒருத்தன் கப்பலாப் பாத்து ஏறுறாரு பாருங்க, அங்கதான் ஆளோட மூளை இருக்கு, நாங்க விளையாடலன்னு காட்டினாப்பலயும் ஆச்சு, சோவியத் தலைவர் குருஷ்சேவ் மானம் போகாமலும் ஆச்சு. அந்தச் சோதனைக்குப் போன ரெண்டு நாசகாரிக் கப்பல்ல ஒண்ணு பேரு ஜோசப் கென்னடி, ரெண்டாம் உலகப் போர்ல செத்த அவரோட அண்ணன் பேருதான். ஆக இது முற்றுகையே கிடையாது, வழிமறிச்சுப் பாக்குறது. கடல் மறியல்னு போடுங்க, சாலை மறியல் எல்லாருக்கும் தெரியும்.

யாழ்வாசி:
அண்ணை, எங்கட பக்கம் மறியல் எண்டா ஜெயில். விளக்கமறியல் எண்டு பேப்பரில ஒவ்வொரு நாளும் வரும். கடல் மறியல் எண்டு வாசிச்சா கடலுக்க சிறைச்சாலை கட்டினவர் எண்டுதான் விளங்கும். நாங்கள் இதுக்கு ஒரு சொல் வச்சிருந்தனாங்கள், பொருளாதாரத் தடை. தொண்ணூறுகளில மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அந்தத் தடைக்குள்ள. ஜாம் போத்தலுக்க பஞ்சை வச்சு கொஞ்ச எண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்திலதான் சோதினைக்குப் படிச்சது. அதால சொல்லுறன், வெளியில நிக்கிறவன் என்ன பேர் வச்சாலும் உள்ளுக்க இருக்கிறவனுக்கு அது வேற பேர். கியூபாச் சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லையே.

மதுரைக்காரி:
அண்ணா, நீங்க சொல்ற தடை வேற, இது வேற. கியூபா மேல வர்த்தகத் தடை அதே 1962 பிப்ரவரியிலயே வந்துருச்சு, அதுவும் கென்னடி போட்டதுதான். அதுக்கு நான் வணிகத்தடைன்னு ஏற்கெனவே வச்சிட்டேன். இப்ப மூணாவதா ஒண்ணு வேணும்.

வேப்பமரம்:
கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாரும் கென்னடிக்கு வசதியா ஒரு சொல் தேடிக்கிட்டு இருக்கீங்க. அவரு போர்க்கப்பலை நிறுத்தி வச்சுட்டு அதுக்கு ஆஸ்பத்திரிச் சொல்லைத் தூக்கி வச்சாரு, நாமளும் கூடவே போயி வெள்ளையடிக்கணுமா? நெருக்கடி எங்கேர்ந்து வந்துச்சு? 1961 ஏப்ரல்ல பன்றி விரிகுடால ஆளை இறக்கி அசிங்கப்பட்டாங்க, அதுக்கப்புறமும் காஸ்ட்ரோவைக் கவுக்க முங்கூஸ்னு ரகசிய வேலை நடந்துச்சு, துருக்கியில ஜூபிடர் ஏவுகணையைச் சோவியத்தைப் பாத்து நிறுத்தி வச்சிருந்தாங்க. கடைசியில அந்த ஜூபிடரைத் தூக்குறோம்னு தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர்கிட்ட 27ஆம் தேதி ராத்திரி ரகசியமாச் சொல்லித்தான் கதை முடிஞ்சுது. வெளிய சொன்னது என்ன, உறுதியா நின்னு ஜெயிச்சோம். அடுத்து வந்த ஜனாதிபதிங்க அதை நம்பி உறுதியா நின்னாப் போதும்னு வியட்நாம்ல போயி உக்காந்தாங்க. குருஷ்சேவ் இதைக் கடற்கொள்ளைன்னே எழுதினாரு, அது ரொம்ப அதிகம், சரி. ஆனா முற்றுகைங்கிறதுதான் நியாயமான சொல்.

கடலோடி:
வேப்பமரம், நீங்க சொன்னதுல பாதி சரி. ஆனா கென்னடி ஆலோசனை நடத்தின அறைக்குள்ள வேற என்ன பேசினாங்கன்னும் சொல்லுங்க. விமானப்படைத் தளபதி லீமே குண்டு போடணும்னு நின்னாரு, கப்பலை மறிக்கிறதெல்லாம் மியூனிக்கில ஹிட்லருக்குப் பணிஞ்சு போன மாதிரின்னு ஜனாதிபதி மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. 27ஆம் தேதி கியூபா மேல பறந்த யு-2 உளவு விமானத்தைச் சுட்டு ஓட்டுனவரும் செத்துப்போனாரு, அன்னைக்கு பதிலுக்கு அடிங்கன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா நாம இன்னைக்குக் கலைச்சொல் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். மனுசன் பொறுத்தாரு. ரகசியமா விட்டுக் குடுத்ததும் என் கணக்குல நல்ல தலைமைதான், பொய் சொன்னதுதான் தப்பு.

தொல்காப்பியப் பித்தன்:
பொருளுக்கு வருவோம். குவாரண்டைன் என்பதன் வேர் இத்தாலிய மொழியில் நாற்பது. கப்பலில் கொள்ளைநோய் வருமென்று அஞ்சி, வெனிஸ்காரர்கள் நாற்பது நாள் துறைக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். அதற்கு முன் 1377இல் ரகுசாவில் (இன்றைய துப்ரோவ்னிக்) முப்பது நாள்தான் இருந்தது. நம்மிடம் அதைவிட நல்ல கணக்கு உண்டு, ஒரு மண்டலம். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள், மண்டலம் என்றால் வட்டம். கியூபாவைச் சுற்றிப் போட்டதும் வட்டம்! நாளும் வளையமும் ஒரே சொல்லில்! ஆகவே மண்டலிப்பு. உழிஞையை நான் திரும்பப் பெறவில்லை, இது மாற்று ஏற்பாடு.

வேப்பமரம்:
மண்டலம் வடசொல் ஐயா. போன மாசம் நான் "அதிபர்"னு எழுதினதுக்கே ஒரு பக்கம் திட்டினவர் நீங்க.

தொல்காப்பியப் பித்தன்:
மண்டுதல், நெருங்குதல், அதிலிருந்து மண்டலம். தமிழே.

சோம்பேறி:
மண்டுன்னா எங்க ஊர்ல வேற அர்த்தம். அது கிடக்கட்டும், கென்னடி அதைப் போட்டது அக்டோபர் 24, எடுத்தது நவம்பர் 20. நாப்பதும் இல்ல நாப்பத்தெட்டும் இல்ல, நாலு வாரம்தான்.

யாழ்வாசி:
எங்கட பழைய சொல்லகராதியளில தொற்றொதுக்கம் எண்டு வாசிச்ச ஞாபகம். கடல் ஒதுக்கம் எண்டு வைக்கேலாதோ?

மதுரைக்காரி:
ஒதுக்கம் வேணாம் அண்ணா. எங்க பக்கம் ஊரை விட்டு ஒதுக்கி வைக்கிறதுன்னா அது சாதிக் கொடுமை, பசங்களுக்கு மொதல்ல அதுதான் தோணும். ஆனா நீங்க தொற்றுன்னதும் ஒண்ணு பிடிபட்டுச்சு. இந்தச் சொல் கென்னடி கண்டுபிடிச்சதே இல்ல. 1937 அக்டோபர்ல சிகாகோல அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பேசினப்ப, உலகத்துல அராஜகம் தொற்றுநோய் மாதிரி பரவுது, நோய் வந்தா ஊர்க்காரங்க நோயாளியைத் தனியா வைக்கிறாங்கல்ல, அப்படிச் செய்யணும்னார். அதே சொல்தான். அப்ப ஆஸ்பத்திரி வாசனைதான் இதோட உயிரே, நாம அதைக் கழுவக் கூடாது. கொரோனா ஞாபகம் வருதுன்னு தொடக்கத்துல பயந்தேன், வரட்டுமே! கென்னடியும் கேக்குறவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரணும்னு நெனச்சிருப்பார். "இது போர் இல்லீங்க, ஒரு சுகாதார நடவடிக்கை"ன்னு காட்டுறதுதானே நோக்கம். கடல்வழித் தனிமைப்படுத்தல்னு வச்சு, அது சட்டப்படி முற்றுகைன்னு ஆகாம இருக்க அவரே தேர்ந்தெடுத்த பேர்னு அடுத்த வரியிலயே எழுதிடறேன். வேப்பமரம் அண்ணன் கேட்ட உண்மையும் வந்துரும்.

கடலோடி:
நீளமா இருக்கு. ஆனாலும் சரிதான். மறியலை வாபஸ் வாங்கிக்கறேன், யாழ்ப்பாணத்துல என்னை உள்ள தள்ளிருவாங்க போல.

யாழ்வாசி:
நானும் ஓம். ஆனா தனிமைப்படுத்தல் எண்டா ஒரு நாட்டை உலகத்திட்ட இருந்து பிரிச்சு வைக்கிறதுக்கும் அதைத்தானே எழுதீனம். பிள்ளையள் குழம்புவினம், கடல்வழி எண்டதை எங்கயும் விட்டிடாதைங்கோ.

சோம்பேறி:
குவாரண்டைன் ஆறு எழுத்து. நீங்க போட்டது பதினஞ்சு. சரி போங்க, மெஜாரிட்டி பக்கம் நானும்.

வேப்பமரம்:
நான் இதுல இல்ல. பேரை அவரு சொன்னபடி எழுதிட்டு உண்மையை அடுத்த வரிக்குத் தள்ளினா, பரீட்சைக்குப் படிக்கிறவன் மொத வரியோட நிறுத்திக்குவான். தலைப்பு எப்பவும் ஆண்டவன் வச்சதாவே இருக்கு, ஆளப்பட்டவன் பேச்சு கீழ சின்ன எழுத்துல.

மதுரைக்காரி:
அண்ணே, நீங்க சொல்றது உறைக்குது, ஆனா நாளைக்குக் காலைல அனுப்பணும். அந்த வரியை அடிக்குறிப்புல போடாம பாடத்துக்குள்ளயே போடறேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. அடுத்த அத்தியாயம் நிக்சன், அதுல அமெரிக்கா, சோவியத் பகை தணிஞ்சதுக்குச் சொல்ற தெதாந்த்துன்னு ஒண்ணு வருது, அதுக்கும் சொல் இல்ல.

தொல்காப்பியப் பித்தன்:
தெதாந்த்துக்கு வேறு இழை தொடங்குங்கள், வில்லின் நாணைத் தளர்த்துவதிலிருந்து ஒன்று வைத்திருக்கிறேன். இங்கே உழிஞைக்கு ஒரு வாக்கு, மண்டலிப்புக்கு ஒரு வாக்கு, இரண்டும் அடியேனுடையவை, பதிவு செய்துகொள்ளவும்.