கண்டி வீதிக்கும் வாடி மணலுக்கும் ஒரே ரயர் சரிவருமா?

சாவகச்சேரியான்
வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோர்வீல் டபிள்கப். ரயர் அளவு 265/65 ஆர் 17. மீன் வியாபாரம். புதுக்காட்டுச் சந்தியால் திரும்பி மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கரைவலை வாடிகளுக்கு, அதாவது கடற்கரையில் மீனவர் போட்டிருக்கும் கொட்டில்களுக்குப் போய், ஐஸ் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு வருவேன். ஓட்டத்தில் பெரும்பகுதி கண்டி வீதித் தார். வாடிக்கு இறங்கும் கடைசித் துண்டுதான் மணல். மாரியில் சுண்டிக்குளம் பக்கம் உப்புச்சேறும் இருக்கும். இப்போது கிடக்கும் நாலு ரயரும் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் பெரிய பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) வைத்த மட் ரயரைக் காட்டுகிறார். மச்சான் சாதாரண வீதி ரயரே காணும் என்கிறார். மணலிலும் இழுக்க வேண்டும், தாரிலும் கனகாலம் உழைக்க வேண்டும். எதைப் போடலாம்?

சேறும் நானும்
கடைக்காரர் சொன்னதுதான் சரி. எம்.ரி., அதாவது மட் ரயரைப் போடுங்கோ. பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அகலம் என்றபடியால் சில்லு சுத்தும்போது சேறு தானாக வெளியே எறிபடும். வீதி ரயரில் அந்தக் கோடுகள் முதல் சுத்திலேயே அடைபட்டு, ரயர் மொட்டை மாதிரி ஆகிவிடும். அதுக்குப் பிறகு ஃபோர்வீல் போட்டாலும் நாலு சில்லும் சும்மா சுத்தும். கட்டைக்காட்டில் மீனோடு புதைந்து நின்றால் ஐஸ் கரைகிற நேரத்துக்குள் யார் வந்து இழுப்பார்கள்?

நாலாம் கியர்
வாடி மணலில் புதைகிறவர்களில் பாதிப்பேர் ரயரால் புதைவதில்லை, காற்றைக் குறைக்காததால் புதைகிறார்கள். தாரில் வைத்திருந்த காற்றோடு அப்படியே மணலில் இறங்கினால் எந்த ரயரும் தோண்டும். 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ரயர் தட்டையாகி, நிலத்தில் படும் பகுதி நீளும், பாரம் பரவும், வாகனம் மணலுக்கு மேலால் போகும். சொல்லப்போனால் காய்ந்த மணலில் மட் ரயரின் பெரிய பட்டன் இன்னும் கெதியாகக் குழி தோண்டும். சேற்றுக்குச் செய்த சாமானை மணலுக்கு விற்கிறார்கள்.

சேற்றுக்காரர் தாரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, கவனித்தீர்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடிகாமத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால் பிரேக் அடிக்க வேண்டியது தாரில்தான். மட் ரயரில் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டனில் மெல்லிய கீறல்களும் பெரும்பாலும் குறைவு. ஈரத்தில் வழுக்கும். மச்சான் சொன்ன எச்.ரி. வீதி ரயரும் 12 வோல்ட் காற்றுப் பம்பும் வாங்கினால் விசயம் முடிந்தது.

சேறும் நானும்
அண்ணை, மணலுக்கு நீங்கள் சொல்வது சரி. உப்புச்சேற்றுக்கு என்ன செய்வது? மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. அதில் காற்றைக் குறைத்து என்ன பயன், மேலாலே மிதக்கவா? பொருக்கு உடைந்தால் பட்டன் ஒன்றுதான் கடிக்கும். பக்கச்சுவரையும் பாருங்கள். அந்தப் பக்கம் முழுக்க உடைமுள்ளு, பனங்கருக்கு, போதாததற்கு வேலிக்கம்பி. வீதி ரயரின் மெல்லிய சுவர் கிழிந்தால் பஞ்சர் கடையில் ஒட்டவும் முடியாது.

பனிக்குள் பனை
ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். இங்கே பிக்கப் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஏ.ரி., அதாவது எல்லாத் தரைக்குமான ரயர் போடுவார்கள். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 மாதிரி. மலைக்குள் பனிப்பூ படம் போட்ட, பனியில் ஓட ஏற்றது என்ற குறி இருக்கிறதைப் பார்த்து, எல்.ரி. (சிறு லொறி) வகையில், லோட் ரேஞ்ச் ஈ என்ற கூடிய பாரம் தாங்கும் தரத்தில் எடுங்கள். லொறி ரயர் மாதிரிப் பலம். முள்ளுக் கதையும் முடிந்தது.

நாலாம் கியர்
பனிப்பூக் குறியா? மருதங்கேணியில் பனி கொட்டும்போது கட்டாயம் யோசிப்போம்.

கொடிகாமம் கராஜ்
சிரிக்காதேங்கோ, அந்தக் குறி உள்ள ரயரில் பெரும்பாலும் பட்டனில் மெல்லிய கீறல் கனக்க இருக்கும். அதே கீறல் மழைத் தாரிலும் பிடிக்கும். ஆனால் குறிக்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

எல்.ரி. ஈ விசயத்தில்தான் எனக்கு மறுப்பு. இந்த வாகனத்துக்குக் கொம்பனி போட்டு விடுவது சாதாரண வகை ரயர். அதில் 112 என்ற லோட் எண் இருந்தால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும் என்று அர்த்தம். எல்.ரி. ஈ எடுத்தால் இதே அளவில் 120 என்று இருக்கும், அதாவது 1400 கிலோ. பார்க்கச் சந்தோசமான கணக்கு. ஆனால் அந்த 1400 கிலோ 80 பி.எஸ்.ஐ. காற்றில் கிடைக்கிற எண். அதே ரயருக்குக் கதவோரத்து ஸ்டிக்கரில் கொம்பனி எழுதியுள்ள காற்றை மட்டும் அடித்தால், பழைய ரயர் அந்தக் காற்றில் தாங்கியதை விடக் குறைவாகத்தான் தாங்கும். ஆகவே ஐஸ் பெட்டி ஏற்றின நாளில் ஸ்டிக்கருக்கு மேலே அடிக்க வேண்டும். வெறுமனே வரும் நாளில் அந்தக் காற்றோடு பின்பக்கம் துள்ளும். துள்ளத் துள்ள ரயர் அங்கங்கே குழி விழுந்து தேயும். கையால் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அப்படித் தேய்ந்த ரயர்தான் ஆனையிறவு நேர் வீதியில் ஊளையிடுகிறது. பாரமும் கூடுதல் என்றபடியால் டீசலும் குடிக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி கோட்டாவில் டீசல் அடித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் விளங்கும்.

பனிக்குள் பனை
அப்படியென்றால் பக்கச்சுவர் கிழிந்தால்? அடுக்கு கூடின ரயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முள்ளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கொடிகாமம் கராஜ்
முள்ளு குத்துவது பெரும்பாலும் பட்டன் பக்கம். அதை ஒட்டலாம், எந்த ரயரும் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிவது, காற்றுக் குறைந்து பிதுங்கின ரயரைக் கல்லு விளிம்பில் உரசும்போதும், வாடிக் குத்தியில் இடிக்கும்போதும்தான். நாள் முழுக்கக் கல்லுக்குள் ஓடுகிறவருக்கு எல்.ரி. சரி. இவர் ஓட்டம் அப்படியில்லை. தார் அதிகம், மணல் கொஞ்சம். நான் சொல்வது, அதே 265/65 ஆர் 17 அளவில், எல்.ரி. என்று போடாத சாதாரண வகை ஏ.ரி. லோட் எண் கதவில் உள்ளதற்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். பட்டன் ஆழம் வீதி ரயரை விடக் கூட. சேற்றில் மட் ரயர் அளவுக்கு வராது, உண்மை.

சேறும் நானும்
ஒருவழியாக உண்மை வந்தது. சரி, இப்படிச் செய்தால் என்ன? பின்னுக்கு இரண்டு எம்.ரி., முன்னுக்கு இரண்டு வீதி ரயர். காசும் மிச்சம், இழுவையும் இருக்கும்.

கொடிகாமம் கராஜ்
தம்பி, அதை மட்டும் செய்யவேண்டாம். மழையில் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும். இரண்டாவது, இந்த வகை வாகனத்தில் ஃபோர்வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டுப்படும். ரயர் சுற்றளவு வேறு வேறாக இருந்தால், இறுகின தரையில் கியர்ப்பெட்டிக்குள் முறுக்கு ஏறும். மணலில் சில்லு வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் தீராது. பின்பக்க ரயர் கெதியாகத் தேய்வதும் அதே கதைதான். தாரில் இழுப்பது பின் சில்லு மட்டும். ஆகவே 8000, 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கோ. எந்த ரயர் நல்லது என்று இவ்வளவு கதைக்கிறோம், மாற்றிப் போடாமல் ஒரு பக்கம் தின்ற ரயரைத்தான் கராஜில் கனக்கக் காண்கிறேன்.

சாவகச்சேரியான்
265/70 போட்டால் கொஞ்சம் உயரும் என்று ஒருவர் சொன்னார். அது நல்லதா?

நாலாம் கியர்
விட்டம் ஏறக்குறைய 26 மில்லிமீற்றர் கூடும். வாகனம் உயருவது அதில் பாதி. வேக மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் 103க்கு மேல் ஓடுவீர்கள். பொலிஸ்காரருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதே அளவிலேயே எடுங்கள்.

நான் இன்னும் எச்.ரி. பக்கம்தான். ஆனால் சுண்டிக்குளம் மாரியிலும் போகத்தான் வேண்டும் என்றால் கராஜ்காரர் சொல்லும் ஏ.ரி.க்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும். மணலால் ஏறினதும் காற்றை அடித்துவிட்டுத்தான் கண்டி வீதியில் ஏற வேண்டும். காற்றை 18இல் வைத்துக்கொண்டு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். மீன் பழுதாகிறது என்று அவசரப்படுகிற நாளில்தான் அது நடக்கும். 15க்குக் கீழே இறக்கவும் வேண்டாம், சட்டென்று திருப்பினால் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

கொடிகாமம் கராஜ்
வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. விலை மலிவாகச் சொன்னால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வந்த பழக்கம், பாவித்த ரயரைக் கறுப்புப் பூசி அடுக்கி வைப்பது. பட்டன் ஆழமாக இருக்கும், பக்கச்சுவரை நகத்தால் மடக்கினால் மயிர்க்கோடு மாதிரி வெடிப்புத் தெரியும். பட்டை மாற்றி ஒட்டின ரயரும் வேண்டாம். காற்றைக் குறைத்து ஓடுகிறவருக்கு அது ஒத்துவராது.

சாவகச்சேரியான்
சரி, சாதாரண வகை ஏ.ரி., அதே அளவு, நாலு. சேற்றுக்காரத் தம்பி கோவிக்க வேண்டாம்.

சேறும் நானும்
கோபம் இல்லை அண்ணை. மார்கழியில் ஒரு நல்ல இழுவைக் கயிறும் மண்வெட்டியும் பெட்டிக்குள் இருக்கட்டும். நான் எம்.ரி.யை மாற்றப்போவதில்லை, சத்தம் எனக்குப் பழகிவிட்டது.

கொடிகாமம் கராஜ்
நாலு இல்லை, முடிந்தால் ஐந்து. உங்கள் ஸ்பெயர் சில்லு பெட்டிக்குக் கீழே தொங்குகிறது, மீன் தண்ணீர் முழுக்க அதில்தான் வடியும். ஐந்தையும் சுழற்றிப் போட்டால் ரிம் உக்கியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நாலாம் கியர்
ஐந்தாவதற்குக் கொடுக்கிற காசில் நல்ல பம்பு ஒன்று வாங்கலாம். பழைய நாலில் நல்லதை ஸ்பெயராக வைத்தால் போதாதா?

கொடிகாமம் கராஜ்
தேய்ந்த ரயர் என்று அவரே எழுதியிருக்கிறார். வீடு வந்துசேரக் காணும், ஃபோர்வீல் போட மட்டும் கூடாது. பம்பை முதலில் வாங்குங்கோ, அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.