புதுப்பிப்பு: 169.254 பிரச்சன தீந்துருச்சு

போன வாரம் சொன்னேன்ல, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் லைன் வராம ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல கம்ப்யூட்டரோட நம்பர்) 169.254னு ஆரம்பிக்குதுன்னு, அது சரியாயிருச்சு. ரௌட்டர் அட்ரஸ் கொடுக்கலன்னா விண்டோஸ் தானா போட்டுக்குற நம்பர் அது, நம்ம விஷயத்துல கோளாறு கேபிள்ல இல்ல.

ரௌட்டர் பேஜ்ல டிஹெச்சிபி லிஸ்ட், அதாவது ரௌட்டர் யார் யாருக்கு அட்ரஸ் கொடுத்துருக்குங்கற லிஸ்ட் பார்த்தா, தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு வந்த சொந்தக்காரங்க ஃபோனுங்கதான் வரிசையா நிக்குது! ரௌட்டர் கொடுக்குற அட்ரஸோட ரேஞ்ச் (கடைசி நம்பர்) 100லேர்ந்து 119 வரைக்கும், 20 அட்ரஸ்தான், லீஸ் டைம் (ஒரு அட்ரஸ ஒருத்தருக்குன்னு பிடிச்சு வைக்குற நேரம்) வேற ஒரு வாரம், அவங்க கிளம்பியும் இடம் காலியாகல, நம்ம கம்ப்யூட்டர் தீபாவளி சமயம் நாலு நாளும் ஆஃப்ல கிடந்துச்சு, அதனால அதுக்கு இடம் கிடைக்கல.

ரேஞ்ச 200 வரைக்கும் கூட்டி, லீஸ ஒரு நாளாக்கி, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்ல புது அட்ரஸ் கேக்குற ஐபிகான்ஃபிக் ரினியூ (ipconfig /renew) அடிச்சேன், உடனே 192.168.0.120 வந்துச்சு. ரௌட்டர ரீசெட் பண்ணிடாதீங்க, முதல்ல அந்த லிஸ்ட பாருங்க. உதவின எல்லாருக்கும் ரொம்ப நன்றி.