நெல் விற்றது, கடன் அடைந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை

(இணைய மன்றம் ஒன்றில் நடந்த உரையாடல். பெயர்கள் எழுதுபவர்கள் வைத்துக்கொண்டவை.)

வெண்ணாற்றங்கரை (அதிகாலை 2.50)

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயது 52. நஞ்சை 4 ஏக்கர். மாசியில் சம்பா நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு, தார்ப்பாயோடு 11 நாட்கள் காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பிவிடுவார்கள். ராத்திரி ஒரு தூறல் என்றாலும் எழுந்து மூட வேண்டும். தூக்கம் கெட்டது அங்கேதான்.

நெல் போயிற்று, பணம் வங்கிக்கு வந்தது, கூட்டுறவுக் கடனையும் அடைத்துவிட்டேன். இப்போது கவலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் 7 மாதமாக, வாரத்தில் 5 ராத்திரி இதே பாடுதான். 9 மணிக்குப் படுத்தால் 10 மணிக்குக் கண் அயர்கிறது. 2 மணிக்கு யாரோ தோளைத் தொட்டு எழுப்பியது போல விழிப்பு வருகிறது. பிறகு 4 மணி வரை புரளல். 5.30க்கு எழுந்தால் உடம்பு அடித்துப் போட்டது போல் இருக்கிறது. முன்பு எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்த ஆண்டுகளில் இதே 2 மணிக்கு எழுந்து மோட்டார் போட்டுவிட்டு வருவேன். திரும்பி வந்து தலையைச் சாய்த்தால் அடுத்த நொடி தூங்கிவிடுவேன். இப்போது ஏன் முடியவில்லை? இன்னும் சீக்கிரமாக, 8 மணிக்கே படுத்துப் பார்க்கலாமா?

அரசலாறு (காலை 6.10)

அண்ணன், உடம்புச் சூடு ஏறிக்கிடக்கிறது. சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுகுங்கள். ராத்திரி பாலில் ஜாதிக்காய்ப் பொடி, காலையிலும் மாலையிலும் அமுக்கரா சூரணம். எங்கள் பாட்டி 88 வயது வரை இருந்தார். ஒரு நாளும் தூக்கம் வரவில்லை என்று சொன்னதில்லை. சீக்கிரம் படுப்பது நல்லதுதான், 8 மணிக்கே படுங்கள்.

கும்பகோணம் வாசி (காலை 7.30)

ஏழு மாதம் என்பது விளையாட்டில்லை, ஐயா. மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். 6 ஆண்டுகளுக்கு முன் 3 மாதம் தூக்கமில்லாமல் கிடந்து, கூட்டல் கழித்தலில் தவறு செய்து, முதலாளியின் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அரை மாத்திரைதான் என்னைக் காப்பாற்றியது, இன்றும் அதுதான். எண்ணெய், பால் எல்லாம் அப்போதே பார்த்தாயிற்று.

செவிலி (காலை 9.05)

அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் ராத்திரி டியூட்டி பார்த்துத் திருவாரூரில் ஓய்வு பெற்றவள் நான். தூங்காதவர்களோடுதான் என் பாதி வாழ்க்கை போயிற்று. வெண்ணாற்றங்கரைத் தம்பி, ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: 8 மணிக்குப் படுக்காதீர்கள். அரசலாறு சொன்னதில் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாதது அதுதான்.

உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 9 முதல் 5.30 வரை எட்டரை மணி நேரம் படுக்கையில். தூங்குவது 10 முதல் 2 வரையும், 4 முதல் 5.30 வரையும், மொத்தம் ஐந்தரை மணி நேரம். படுக்கையில் கழியும் 100 நிமிடத்தில் 65 நிமிடம்தான் தூக்கம். மீதி நேரம் முழுவதும் உடம்பு அந்தக் கட்டிலில் விழித்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. 8 மணிக்குப் படுத்தால் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: சுபாவத்திலேயே இருக்கும் பலவீனம் ஒன்று, தூக்கத்தை முதலில் கெடுத்த சம்பவம் இரண்டு, அதை ஈடுகட்ட நாம் செய்யும் காரியங்கள் மூன்று. சம்பவம் தீர்ந்த பிறகும் நோயை நிறுத்தி வைப்பது மூன்றாவதுதான். கொள்முதல் நிலைய வாசல் உங்கள் சம்பவம். அது மாசியோடு முடிந்தது. அதற்குப் பிறகு சீக்கிரம் படுப்பது, மதியம் தூங்குவது, ராத்திரி மணி பார்ப்பது என்று நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருப்பீர்கள். மோட்டார் போடப் போன காலத்தில் ஏன் தூங்கினீர்கள் தெரியுமா? எழுந்ததற்கு ஒரு வேலை இருந்தது, தூங்கியாக வேண்டும் என்ற பயம் இல்லை.

மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள்? காபி எத்தனை மணிக்கு? குறட்டை உண்டா? நீங்கள் இதை எழுதிய நேரம் 2.50 என்பதையும் கவனித்தேன்.

வெண்ணாற்றங்கரை (காலை 11.40)

மதியம் சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரம், அக்கா. ராத்திரிக் கடனை அங்கேதான் அடைக்கிறேன். காபி சாயங்காலம் 6 மணிக்கு ஒரு டம்ளர். குறட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டும் சித்திரையில் பார்த்தது, சரியாக இருந்தது. விழித்தால் கைப்பேசியில் மணி பார்ப்பேன், உண்மைதான்.

செவிலி (மதியம் 12.30)

காபியில் உள்ள கஃபீனில் பாதி கழியச் சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக் காபியில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியத் தூக்கம் ராத்திரியின் தூக்கப் பசியை முன்கூட்டியே தின்றுவிடுகிறது. இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். ஆனால் இது மட்டும் போதாது. காபியைக் குறை, கைப்பேசியை வை, அறையை இருட்டாக்கு என்ற அறிவுரையை மட்டும் நாள்பட்ட தூக்கமின்மைக்குத் தனிச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2021இல் வழிகாட்டுதலே வெளியிட்டது.

இனி முக்கியமானது. நீங்கள் தூங்குவது ஐந்தரை மணி நேரம். படுக்கையிலும் அவ்வளவு நேரம் மட்டுமே இருங்கள். ராத்திரி 11.30க்குப் படுத்து, எப்படித் தூங்கியிருந்தாலும் 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும். நடுவில் விழித்து, சுமார் 20 நிமிடம் ஆனது போலத் தோன்றினால் (மணி பார்க்காதீர்கள்) கட்டிலை விட்டு எழுந்து, மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். படுத்திருக்கும் 100 நிமிடத்தில் 85 நிமிடம் தூக்கம் என்ற நிலை ஒரு வாரம் நிலைத்தால், 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். இப்படியே வாரா வாரம்.

முதல் பத்து நாள் கொடுமையாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் டிராக்டரில் ஏறாதீர்கள், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகாதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவர்களும், குறட்டையோடு மூச்சு அடைத்து எழுபவர்களும் மருத்துவர் துணை இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

கும்பகோணம் வாசி (பிற்பகல் 2.15)

தூக்கமே இல்லாதவனைப் பார்த்து இன்னும் குறைத்துக்கொள் என்பது, பசித்தவனின் இலையிலிருந்து சோற்றை எடுப்பது போல இருக்கிறது. என் நிலையில் அந்தப் பத்து நாளைக் கடந்திருக்கவே முடியாது. மாத்திரை சாப்பிடுபவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பேசும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு வலிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

செவிலி (மாலை 4.00)

குற்றம் சொல்லவே இல்லை, ஐயா. தாங்க முடியாத ஒரு சில வாரத்துக்கு மாத்திரை நியாயமான துணை. அதை நானே என் கையால் கொடுத்திருக்கிறேன். என் கவலை ஆறாவது ஆண்டைப் பற்றியது. உங்களுடையது எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியாது. நம் ஊர்களில் அதிகம் எழுதப்படும் அல்பிரசோலம், மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பழக்கமாகிவிடும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. வயது ஏறும்போது இதே மாத்திரை ராத்திரியில் கால் தடுக்க வைக்கும். இடுப்பு எலும்பு முறிந்து வந்த எத்தனையோ பேரிடம் ராத்திரி என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வழி கேளுங்கள்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இந்தப் பழக்க மாற்றச் சிகிச்சை, பிறகுதான் மருந்து என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. நான் சொந்தமாகச் சொல்லும் வரிசை இல்லை இது.

அரசலாறு (மாலை 5.20)

எல்லாம் அமெரிக்கா. நம் வைத்தியத்துக்கு ஒரு வார்த்தை கூடக் கிடையாதா? கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவர் இப்படிப் பேசினால் விட்டுவிடுவேன். காவிரிக்கரையில் பிறந்தவர் நீங்கள்.

செவிலி (மாலை 6.45)

சொல்கிறேன். வெந்நீர்க் குளியல் உண்மையிலேயே உதவும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் குளித்தால், தோல் வழியாக உடம்பின் சூடு இறங்கி, தூக்கம் சுமார் 10 நிமிடம் முன்னதாக வரும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2019 கட்டுரை காட்டியது. ஆனால் இந்தத் தம்பிக்குப் படுத்தவுடன் தூக்கம் வருவது பெரிய சிக்கல் இல்லை, 2 மணிக்குத்தான் வினை. ஜாதிக்காய் பாலில் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதல் இல்லை. தூக்கம் வரவில்லையே என்று முழுக்காயை அரைத்துக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய வந்து சேர்ந்தவரை வார்டில் பார்த்திருக்கிறேன். அமுக்கரா சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

உங்கள் பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார்?

அரசலாறு (இரவு 7.10)

கருக்கலில். மழையானாலும் காய்ச்சலானாலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். சாகும் வருடம் வரை.

செவிலி (இரவு 7.25)

அதைத்தான் நானும் கேட்கிறேன். எழும் நேரம் ஒரு நாளும் மாறவில்லை, எழுந்தவுடன் வாசல் வெளிச்சம் கண்ணில் பட்டது. உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்க அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது.

மன்னார்குடி மருமகள் (இரவு 11.20)

இப்போதுதான் அடுப்படி வேலை முடிந்தது. செவிலி அம்மாவிடம் மரியாதையோடு ஒரு சண்டை. ‘எழுந்து வேறு இடத்தில் உட்கார்’ என்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை. கூடத்தில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். கொசுவலையை விட்டு வெளியே கால் வைத்தால் கடித்துத் தின்றுவிடும். நான் விளக்குப் போட்டால் நாலு பேர் விழிப்பார்கள். இந்த வைத்தியம் ஆளுக்கோர் அறை இருப்பவர்களுக்குச் செய்தது. இன்னொன்று: எனக்கும் தூக்கம் இல்லை. 11.30க்குப் படுத்து 4.30க்கு எழுகிறேன். பால்காரர் வருவார், பிள்ளைகளின் பள்ளி வேன் 7.15க்கு. உங்கள் கணக்குப்படி என் படுக்கையிலிருந்து இன்னும் எவ்வளவு எடுப்பீர்கள்?

செவிலி (மறுநாள் காலை 8.50)

உங்கள் கேள்வியை ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், மகளே. படுத்தால் எவ்வளவு நேரத்தில் தூங்குகிறீர்கள்?

மன்னார்குடி மருமகள் (காலை 10.30)

தலை தலையணையில் படுவதுதான் தெரியும்.

செவிலி (காலை 10.55)

அப்படியானால் உங்களுக்குத் தூக்கமின்மை நோய் இல்லை. வாரத்தில் 3 நாளாவது, 3 மாதத்துக்கு மேல், தூங்கப் போதிய நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமலோ நிலைக்காமலோ இருந்தால்தான் அந்தப் பெயர். உங்களுக்கு அந்த நேரமே கிடைக்கவில்லை. நான் சொன்ன எதையும் நீங்கள் செய்யக்கூடாது. உங்கள் படுக்கையிலிருந்து ஒரு நிமிடம்கூட எடுக்க மாட்டேன், இன்னும் 2 மணி நேரம் சேர்க்க வேண்டும். அதற்கு மருந்து உங்கள் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இருக்கிறது. காலைப் பாலை வாங்கி வைப்பது யார், ராத்திரிப் பாத்திரம் துலக்குவது யார் என்று உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். இந்த வித்தியாசத்தை முதலிலேயே எழுதாதது என் பிழை.

அறை இல்லாதவர்களுக்கு: வேறு இடம் போக முடியாவிட்டால், வலைக்குள்ளேயே எழுந்து சுவரில் சாய்ந்து உட்காரலாம். படுத்துக்கொண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்டாமல் இருப்பதே நோக்கம்.

கும்பகோணம் வாசி (மாலை 6.30)

அந்த வித்தியாசம் எனக்கும் இதுவரை யாரும் சொன்னதில்லை. என் மருத்துவரிடம் குறைப்பது பற்றிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனாலும் மாத்திரை என் வேலையைக் காப்பாற்றியது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செவிலி (இரவு 7.00)

விட்டுக்கொடுக்க வேண்டாம், ஐயா. அது உண்மை. கேட்கத் தயங்குபவர்களுக்காகவும் சொல்கிறேன்: தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மனாஸ், 14416, கட்டணம் இல்லை. தூக்கமின்மையோடு வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணமும் வந்தால், தயவுசெய்து அன்றைக்கே கூப்பிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை (24 நாட்களுக்குப் பிறகு, மாலை 5.15)

அக்கா, முதல் வாரம் உங்களை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. ராத்திரி 9 முதல் 11.30 வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க, திண்ணையில் உட்கார்ந்து பழைய வலையைப் பின்னினேன். நான்காம் நாள் வரப்பில் நடக்கும்போது தள்ளாடி உட்கார்ந்துவிட்டேன். மதியக் கட்டிலை மடித்து மச்சில் போட்டாயிற்று. ஒன்பதாம் நாளிலிருந்து 11.30க்குப் படுத்தவுடன் தூக்கம். 2 மணி விழிப்பு இன்னும் வாரத்தில் இரண்டு முறை வருகிறது, ஆனால் சீக்கிரம் அடங்குகிறது. போன வாரம் 15 நிமிடம் கூட்டி 11.15க்குப் படுக்கிறேன். அரசலாறுத் தம்பிக்கும் சொல்கிறேன், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவில்லை. அது உடம்புக்கு இதமாக இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். நடவு முடிந்தது, வாய்க்காலில் முறைத் தண்ணீர். நாளை ராத்திரி 2 மணிக்கு என் முறை. மடை திறந்து 4 மணி வரை வயலில் நிற்க வேண்டும். திரும்பவும் அதே 2 மணிப் பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செவிலி (மாலை 5.50)

போய் வாருங்கள், தம்பி. அந்த ஒரு ராத்திரியைக் கணக்கில் எழுதாதீர்கள். 11.15க்கு வழக்கம்போலப் படுங்கள், 1.45க்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கால் கழுவிவிட்டு, கண் சொக்கினால் படுங்கள், சொக்காவிட்டால் திண்ணையில் உட்காருங்கள். எப்படியும் 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும். மறுநாள் மதியம் தாங்க முடியாவிட்டால் 2 மணிக்கு முன் 20 நிமிடம் மட்டும் சாயலாம், அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள். ராத்திரி மறுபடி 11.15. வயலுக்குப் போகும்போது டார்ச்சும் தடியும் எடுத்துப் போங்கள். வரப்பில் பாம்பு இருக்கும் காலம்.

வெண்ணாற்றங்கரை (மாலை 6.05)

சரி, அக்கா. எங்கள் மடைக்குப் பக்கத்து மடைக்காரரும் தூங்குவதில்லை என்றார். அவருக்கும் காட்டுகிறேன்.