பத்தெடிக் சொனாட்டா: இடது கை ஆக்டேவ் ட்ரெமலோவில் முன்கை கல்லாகிவிடுகிறது

சின்னக்கை:

வணக்கம். எனக்கு 46 வயது, கோவையில் வங்கி வேலை. பியானோ பக்கம் வந்ததே 38 வயதில்தான். கிரேடு, பரீட்சை எதுவும் எழுதவில்லை. பீத்தோவனின் பத்தெடிக் சொனாட்டா முதல் பகுதியை ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் 10 பார் (தாளக் கட்டம்) மெதுவான கிராவே, அதில் தொந்தரவு இல்லை. 11-ஆவது பாரில் வேகமான அல்லெக்ரோ தொடங்கியதும் இடது கை 'சி' சுரத்தின் கீழ் சியையும் மேல் சியையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போக வேண்டும், அதுதான் ட்ரெமலோ. எட்டுப் பார் தாண்டுவதற்குள் முழங்கைக்குக் கீழே கல் மாதிரி இறுகிவிடுகிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 அரை நோட்டு என்று வைத்தால் எப்படியோ ஓடுகிறது. 100 வைத்தால் கை நின்றே போகிறது.

என் கையும் சின்னது. நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 19 செ.மீ. ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை எட்டு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து 18.8 செ.மீ. இரண்டையும் தையல் டேப்பால் அளந்தேன். ஆக்டேவ் எட்டும், ஆனால் பஸ் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி எட்டும்.

ஆசிரியர் ஆன்லைனில் சொல்லித் தருகிறார். "வலு போதவில்லை, தினமும் ஹேனன் பயிற்சிப் புத்தகத்தில் 60-ஆவது பயிற்சி வாசியுங்கள்" என்றார். மூன்று வாரம் வாசித்தேன். வலு வரவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி தேய்க்கும்போது இடது கை வலித்ததுதான் மிச்சம். சின்னக் கைக்கு இது ஆகவே ஆகாதா? உண்மையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாடிவீட்டு வாத்தியம்:

முதலில் ட்ரெமலோவை ஒரு வாரம் மூடி வையுங்கள். பியானோவை விட்டு எழுந்த பிறகும் வலி இருக்கிறது என்றால் அது பயிற்சிக் களைப்பு இல்லை. ஒரு வாரத்தில் போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, நோட்டை எடுத்து 11-ஆவது பாரைப் பாருங்கள். பீத்தோவன் அங்கே 'p' என்ற குறி போட்டிருக்கிறார், அதாவது மென்மையான ஒலி. பிறகுதான் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். நீங்கள் முதல் சியிலிருந்தே இடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

இது விரல் வேலையே இல்லை. குழாய்த் திருகைத் திறந்து மூடும்போது முன்கை எப்படி உருளுகிறதோ, அந்த அசைவுதான். விரல்களைத் தனித்தனியாகத் தூக்கினால் 19 செ.மீ கை இல்லை, 23 செ.மீ கையும் இறுகும். ஆக்டேவை விட்டுவிட்டு சி, ஜி இரண்டையும் உருட்டிப் பாருங்கள். கை குறுகலாக இருப்பதால் அசைவு எளிதாகப் புரியும். பிறகு சி, ஏ. பிறகு சி, பி. எந்த இடத்தில் உடம்பு மாறுகிறது என்று கவனியுங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கும். நான்கு நோட்டு வாசித்துவிட்டுக் கையை மடியில் போடுங்கள். பிறகு எட்டு, மறுபடி மடி. பாரின் முதல் கீழ் சியில் மட்டும் லேசாகச் சாயுங்கள். கட்டைவிரல் இயல்பிலேயே கனம், அதற்கு அழுத்தமே வேண்டாம்.

இரண்டு நோட்டையும் ஒன்றாக அடிக்கும் ஆக்டேவ் வேறு கதை. அங்கே கை மேலிருந்து விழுந்து, எழும்போது தளர வேண்டும். கறுப்புக் கட்டையில் மோதிரவிரல் போடு என்று புத்தகங்கள் சொல்லும். உங்கள் கைக்கு அது அநாவசிய இழுப்பு, சுண்டுவிரலே இருக்கட்டும்.

ஆன்லைன் வகுப்பில் கேமரா எங்கே இருக்கிறது? கட்டைகளுக்கு மேலே என்றால் ஆசிரியருக்கு உங்கள் முழங்கை தெரியவே தெரியாது.

அரைச்சுரம்:

ஹேனனின் 60 பயிற்சிகளில் கடைசியாக இருப்பதை எடுத்த எடுப்பில் கொடுத்தால் கை என்ன செய்யும், பாவம்!

பழைய டியூனர்:

எல்லாரும் கையையே பார்க்கிறீர்கள். பியானோவையும் கொஞ்சம் பாருங்கள் அம்மா. வலது பெடலை மிதித்துக்கொண்டு, கீழ் சியின் முன்விளிம்பில் 10 ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம். ஏழு நாணயத்தில் கட்டை மெல்ல இறங்கினால் சரி. கீழ்ஸ்தாயியில் கம்பியைத் தட்டும் சுத்தியல் கனம், ஒன்று கூடினாலும் பரவாயில்லை. அதற்கும் மேல் கேட்டால் மழைக்காலத்து ஈரத்தில் உள்ளே இருக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) உப்பியிருக்கலாம், சரிசெய்கிற வேலைதான்.

இன்னொன்று. இந்த சொனாட்டா 1799-இல் வெளியானது. அந்தக் காலத்து வியன்னா பியானோவின் கட்டை இன்றையதைவிட நல்ல லேசு, ஆழமும் குறைவு. நீங்கள் கஷ்டப்படுவதில் பாதிப் பங்கு பிறகு வந்த இரும்புச் சட்டத்துக்கும் கனத்த சுத்தியலுக்கும் சேரும்.

சின்னக்கை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வலி ஐந்தாம் நாளே போய்விட்டது.

நாணயம் அடுக்கினேன். நடு சிக்கு ஏழு, கீழ் சிக்கு பத்து! உள்ளூர் டியூனர் வந்து தளர்த்திக் கொடுத்த பிறகு எட்டு. அந்தப் பத்து நாணயத்தையும் என் மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அது தனிப் பஞ்சாயத்து.

சி, ஜி சுகமாக உருண்டது. சி, ஏ-வும் அப்படியே. சி, பி வந்ததும் இடது தோள் காதுப் பக்கம் ஏறுகிறது! எட்டு வருஷமாக அது எனக்குத் தெரியாது. வாத்தியம் சார் சொன்ன மாதிரி போனைப் பக்கவாட்டில் ஸ்டூல் மேல் வைத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "முழங்கையை ஏன் விலாவோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். நான் உட்காரும் ஸ்டூலை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டதும் முழங்கைக்கு இடம் கிடைத்தது.

இப்போது மெட்ரோனோம் 92-இல் மென்மையான ஒலியில் இறுகாமல் போகிறது. சத்தம் கூட்டும் இடத்தில் இன்னும் பிடிக்கிறது. வலது கை இடது கையைத் தாண்டிப் போகும் பகுதி வரைக்கும் தாக்குப்பிடித்தால் அங்கே ட்ரெமலோ இல்லை, கொஞ்சம் மூச்சு விடலாம். மறுபடி வாசிக்கச் சொல்லும் குறி வரும்போது மட்டும் தற்சமயம் கண்ணில் படாத மாதிரி தாண்டிக்கொண்டிருக்கிறேன்.