இரட்டை நகர ஒப்பந்தத்தை உருப்படியான வேலையா மாத்துறது எப்படி? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க நகர கவுன்சிலும் வேற நாட்டு கவுன்சில் ஒண்ணும் இரட்டை நகரங்கள், அதாவது நட்பா சேர்ந்து செயல்பட ஒப்பந்தம் போட்டுக்கிட்ட ஊர்கள், இத்தனை வருஷமா குழு போறதும் வர்றதும் போட்டோ எடுக்கறதுமாவே போயிடுச்சு, இந்த தடவை தண்ணி சப்ளையையாவது சேர்ந்து சரி பண்ணலாம்னு ரெண்டு பக்கமும் பேசிருக்கோம். 1944ல இரண்டாம் உலகப் போர் நடந்துட்டு இருக்கும்போதே இங்கிலாந்தோட கோவென்ட்ரியும் சோவியத் ரஷ்யாவோட ஸ்டாலின்கிராடும் இப்படி இரட்டை நகரங்களா கைகோர்த்தாங்க, நாம ஒரு குழாய் ஒழுகலை சேர்ந்து அடைக்க முடியாதான்னு எனக்கு ஆதங்கம்.

அவங்க ஃபிட்டர் ஒருத்தர் வீடியோ கால்ல காட்டினார், ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரே தூங்குறப்போ வால்வு மேல இரும்புக் கம்பிய வெச்சு ஒழுகற சத்தம் வருதான்னு காதைக் கொடுத்து கேக்கறார், அந்த நேரத்துல யாரும் பெருசா தண்ணி புழங்க மாட்டாங்கல்ல, அப்பவும் மீட்டர் வேகமா ஓடுச்சுன்னா பெரும்பாலும் ஒழுகல்தான். எங்க ஆளுங்க அசந்துட்டாங்க. பதிலுக்கு நாங்க புகார் பதியற முறைய சொல்லித் தரப்போறோம்.

என் கேள்வி இதுதான்: பெரிய அதிகாரிங்கள அனுப்பாம ஃபிட்டர், பம்ப் ஆப்பரேட்டர் இவங்களையே மாத்தி மாத்தி அனுப்பினவங்க யாராவது இருக்கீங்களா? செலவ யார் ஏத்துக்கிட்டாங்க, மொழிப் பிரச்சனைய எப்படி சமாளிச்சீங்க? முக்கியமா, தேர்தல்ல ஆளுங்க மாறினாலும் வேலை நிக்காம இருக்க ஒப்பந்தத்துல என்ன எழுதினீங்க? மாதிரி ஒப்பந்தம் இருந்தா அனுப்புங்க, அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி கெடைச்சா ரொம்ப உதவியா இருக்கும்.