மறு: சோதனையில் தவறிய வரிகளுக்குச் சொல் – ‘கப்பி’

சொல்லாக்கக் குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா போன வாரம் கணினித் தரவு வேலைக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்தார். தரவு உள்ளே நுழையும்போதே விதி வைத்துத் தானாகச் சோதிப்பதற்கு ஒன்று, நுழைந்த பிறகு அதன் போக்கை நாள்தோறும் கவனிப்பதற்கு ஒன்று, சோதனையில் தவறி ஒதுங்கும் தரவு வரிகளுக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் மடல் மேல் மடலாக வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவதற்கு அக்கா,

> நிராகரிப்பு என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் புரியும்

என்று எழுதியதோடு பேச்சு நின்றுவிட்டது. அக்கா, புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் சிலர் வார இறுதிகளில் கப்பல் பட்டியல்களைத் தட்டச்சு செய்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை எங்கள் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் கையெழுத்தில் இருக்கிறது. ஏற்றும்போது பிழை பிடிக்க நான் ஒரு நிரல் எழுதினேன். ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது, வந்த நாள் 1860-க்கு முன்போ 1911-க்குப் பின்போ இருக்கக் கூடாது, வயது ஒன்றுக்குக் குறையக் கூடாது. தவறும் வரியை ‘நிராகரிப்பு’ என்ற கோப்பில் தள்ளிவிடும். அந்தக் கோப்பை மாதக்கணக்கில் யாரும் திறக்கவில்லை. பெயரே நிராகரிப்பு, பிறகு யார் திறப்பார்கள்?

அப்புறம் ஒரு நாள், தன் பூட்டியைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். பூட்டியின் தாய் தகப்பன் இரண்டு பேரும் பட்டியலில் இருக்கிறார்கள், பூட்டி இல்லை. கைக்குழந்தையாக வந்தவர். வயது மாதக் கணக்கில் எழுதியிருந்ததால் தட்டச்சு செய்தவர் 0 என்று போட்டிருந்தார், என் விதி அந்தக் குழந்தையை வெளியே தள்ளிவிட்டது. திறந்து பார்த்தால் கோப்பு முழுக்கக் கைக்குழந்தைகள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால்தான் ‘கப்பி’ என்கிறேன். இடியாப்பத்துக்கு மாவு சலிக்கும்போது சல்லடையில் நின்றுபோகும் கொரகொரப்பான குருணைதான் கப்பி. எங்கள் அம்மா செய்தித்தாளை விரித்துச் சலிப்பார், சல்லடையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், மேலே நிற்கும் கப்பியை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வருவார். கடைசியில் அதை மறுபடி அரைத்து மறுபடி சலிப்பார். திப்பியைத்தான் வீசுவோம், கப்பியை யாரும் வீசுவதில்லை. தவறிய வரிக்கும் இதே கதைதான்: ஒதுக்கி வை, என்ன கோளாறு என்று பார், திருத்தி மறுபடி விடு. டிபிடி (dbt) என்ற தரவு மென்பொருளில்கூடச் சோதனையில் விழும் வரிகளைத் தனி அட்டவணையில் எடுத்து வைக்கும் வசதி இருக்கிறது, அந்த அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியவில்லை.

கிணற்றுக் கப்பி இருக்கிறதே, இயற்பியல் பாடத்திலும் கப்பிதானே என்று கேட்பீர்கள். உண்மை. தரவுக் கப்பி என்று சேர்த்துச் சொன்னால் குழம்பாது என்று நினைக்கிறேன். ‘திங்கள்’ என்று நிலாவையும் சொல்கிறோம், கிழமையையும் சொல்கிறோம், யாரும் தடுமாறுவதில்லை.

கப்பி வந்தால் முதல் சொல்லும் தானாக வந்துவிடுகிறது. நுழைவுச் சோதனை சல்லடை. ‘சலிப்பு’ என்று பெயராக்கினால் அலுப்பு என்று ஆகிவிடும், அதனால் வேண்டாம், சல்லடை என்றே இருக்கட்டும். விதியின் கடுமைக்குச் சல்லடைக் கண் என்று சொல்லலாம். கண் ரொம்பச் சின்னதாக இருந்தால் நல்ல மாவும் நின்றுவிடும். அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். பெயருக்குச் சரியான எழுத்துக்கூட்டல் இதுதான் என்று விதி வைத்தால் இந்த நாட்டில் பாதிப்பேர் கப்பியில் கிடப்போம். இன்னொரு பக்கம், இங்கத்து அடையாள எண்ணைப் பாருங்கள்: 13 இலக்கம், முதல் ஆறு பிறந்த நாள், கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டையும் வைத்து லூன் முறை என்ற சரிபார்ப்புக் கணக்கில் வருவது. ஓர் இலக்கம் தவறினாலும் கட்டாயம் சிக்கும். சல்லடை எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் சல்லடை ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். ஒருமுறை ஒரு தொகுப்பில் எல்லா வரியும் சுத்தமாகத் தாண்டியது, கப்பி ஒன்றுகூட இல்லை. மொத்தமாக எண்ணிப் பார்த்தால் அந்தக் கப்பலில் ஒரு பெண்கூட இல்லை. ஆண் என்பது ஏற்கத்தக்க மதிப்புதானே, சல்லடை ஏன் தடுக்கும்? ஆண்-பெண் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே மதிப்பால் இழுத்து நிரப்பியிருக்கிறார்கள். இதைப் பிடிப்பது வேறு வேலை. எத்தனை வரி வந்தது, எத்தனை கட்டம் காலி, விகிதம் வழக்கம்போல் இருக்கிறதா, கடைசியாக எப்போது வந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. இதற்கு ‘கண்காணிப்பு’ என்றால் கேமராவும் காவலும்தான் ஞாபகத்துக்கு வருகிறது, தோட்டத்துக் கங்காணியும் வருகிறார், அந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பு உண்டு. ‘நாடி’ என்று வையுங்கள். தரவு நாடி, நாடி பார்த்தல், நாடி பிசகல். நாடி பார்ப்பவருக்கு வழக்கமான துடிப்பு தெரிந்திருக்க வேண்டும், நமக்கும் பழைய தொகுப்புகளின் விகிதம் தெரிந்திருந்தால்தான் பிசகு தெரியும்.

இதெல்லாம் அன்றைக்கே நடந்தால்தான் பயன். மாலையிலேயே கப்பியை அனுப்பினால் தட்டச்சு செய்தவர் திரையில் அந்தப் பக்கம் இன்னும் திறந்திருக்கும், இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்தக் கட்டு, எந்தப் பக்கம் என்று தேடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

எங்கள் கோப்பின் பெயரை நேற்று ‘கப்பி’ என்று மாற்றிவிட்டேன், வயது விதியையும் மாதத்துக்குத் தனிக் கட்டம் வைத்துத் திருத்தியாயிற்று. ஒரு சொல் மட்டும் இன்னும் வேண்டும்: கப்பியைத் திருத்தி மறுபடி உள்ளே விடும் வேலைக்கு. ‘மறுஅரைவை’ என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?